ஈரக் கையும் தூக்கக் கையும்

குழித்துறையிலிருந்து களியக்காவிளை போகும் வழியில் அக்கா வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். சுவர் எழும்பி, மேல் கான்கிரீட்டும் முடிந்து, பூச்சுக்கு முன் சுவரைக் கொத்தி பைப் பதிக்கிற கட்டம். போன ஞாயிற்றுக்கிழமை வயரிங் செய்பவர் கையில் சாக்பீசோடு வந்து நின்றார். எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்தில் போர்டு வேண்டும் என்று சொன்னால் கட்டம் போட்டுவிட்டுப் போவார், மறுநாள் கொத்து. பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தோம். மத்தியானச் சோறு ஆறிவிட்டது.

தகராறு பாத்ரூம் வாசலில் தொடங்கியது. துபாயில் இருக்கும் அக்கா மகன் வீடியோ காலில் வந்து, “சுவிட்ச் உள்ளே இருக்கட்டும் மாமா, ஹோட்டல்ல எல்லாம் அப்படித்தானே இருக்கு” என்றான். அத்தானுக்கு அது ஆகவில்லை. குளிமுறி சுவிட்ச் என்றால் வெளியேதான், ஈரக் கையால் தொட்டால் ஷாக் அடிக்கும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். வயரிங்காரர், “எங்க சொன்னாலும் வைக்கலாம் சார், பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அத்தான் சொன்ன முடிவு சரி. சொன்ன காரணம் முழுக்கச் சரியில்லை.

நல்ல நிலையில் இருக்கும் பிளாஸ்டிக் சுவிட்சை ஈர விரலால் ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் பலருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. தண்ணீர் மெதுவாகத்தான் வேலை செய்யும். விரலிலிருந்து வழிவது விசைக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் இறங்கும். சோப்பும் உப்பும் கலந்த ஈரம் அங்கேயே உலர்ந்து படியும். உள்ளே செம்பும் பித்தளையும் பச்சை பூக்கும். ஒரு நாள் சட்டத்தில் விரல்முனை அளவுக்கு ஒரு விரிசல் விழும். அதற்கு அடுத்த ஈரக் கைதான் அத்தான் சொன்ன கை.

அந்தக் கைக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உலர்ந்த தோல் பல ஆயிரம் ஓம் அளவுக்கு மின்சாரத்தைத் தடுக்கும். நனைந்து ஊறிய உடம்பு 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே விரல்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. 30-ஐத் தாண்டி நீடித்தால் மூச்சும் இதயத்தின் தாளமும் தப்ப ஆரம்பிக்கலாம். குளியலறையில் செருப்பு இல்லை, தரை ஈரம், உடம்பில் பாதிக்குத் துணியும் இல்லை. மின்சாரம் மண்ணுக்குப் போக இதைவிட நல்ல வழி அதற்கு வேறெங்கும் கிடைக்காது.

சரி, மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் எம்சிபி இருக்கிறதே, அது விழாதா? விழாது. லைட் லைனுக்குப் போடும் எம்சிபி 6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 6,000 மில்லி ஆம்பியர். ஒரு மனிதன் வழியாக ஓடும் 230 மில்லி ஆம்பியர் அதன் கண்ணுக்கு இரண்டு ஃபேன் போட்டதைவிடப் பெரிய விஷயமில்லை. எம்சிபி வயரைக் காப்பாற்றுவதற்காக இருப்பது. மனிதனைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. நம் ஊர்ப் பேச்சில் இன்னும் இஎல்சிபி என்றுதான் சொல்கிறோம். ஃபேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தால், அந்தக் குறை எங்கேயோ கசிகிறது, ஒருவேளை ஆள் வழியாகக் கசிகிறது என்று பொருள், உடனே துண்டித்துவிடும். வீடுகளுக்கு அது 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட கசிவை விடக் கூடாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால், காலுக்குக் கீழே கசிவு இல்லாத பட்சத்தில் அதற்குத் தெரியாது. ஆளையும் ஒரு பல்பு என்று நினைத்துக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கருவி சுவரில் இருக்கிற வீடுகள் நிறைய. வேலை செய்கிற வீடுகள் எத்தனை என்பது வேறு கேள்வி. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் பகுதியிலிருந்து தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தது. மழைக்கு அந்தக் கணக்கு கிடையாது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கும், ஐப்பசி மழையும் கிடைக்கும். சுவர் நிதானமாகக் காய்வதற்கு இரண்டு மழைக்கும் நடுவே நாள் போதாது. ஈரச் சுவரில் ஒவ்வொரு போர்டிலும் துளித்துளியாகக் கசிவு. எல்லாம் சேர்ந்து ஒரு ராத்திரி ஆர்சிசிபி விழும். எழுப்பினால் மறுபடி விழும். மூன்றாவது நாள் யாரையாவது கூப்பிட்டு அதைத் தாண்டி நேராக வயர் கொடுக்கச் சொல்லிவிடுவார்கள். என் வீட்டிலேயே அப்படி ஒரு மழைக்காலத்தில் நேர் கொடுத்தார்கள். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்றோம். இரண்டு வருஷம் யாரும் பார்க்கவில்லை. கடைசியில் பிரித்துப் பார்த்தபோது ஈரம் மட்டும் காரணமில்லை. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் லைனின் நியூட்ரலும் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாக முறுக்கிக் கிடந்தன. ஒரு வழியில் போன மின்சாரம் வேறு வழியில் திரும்பினால் ஆர்சிசிபி கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். பிரித்துக் கட்டியதும் அது விழுவது நின்றது. அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும், விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவருக்கு அலங்காரம்.

இனி உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் வயரிங் தரநிலையில் குளியலறைக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி மண்டலம் மண்டலமாகப் பிரிப்பார்கள். தொட்டி இல்லாமல் ஷவர் மட்டும் உள்ள அறை என்றால், சுவரில் பொருத்திய ஷவரிலிருந்து சுற்றிலும் 1.2 மீட்டர், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை சாதாரண சுவிட்ச் வரக் கூடாது. 1.2 மீட்டர் என்றால் நாலடி. நம் வீட்டுப் பாத்ரூம் ஐந்தடிக்கு ஏழடி. அதில் ஷவருக்கு நாலடி விட்டால் மிச்சம் இருப்பது வாசற்படிதான். அக்கா மகன் பார்த்த ஹோட்டல் பாத்ரூம் அக்காவின் படுக்கையறை அளவு. அங்கே கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தரை காய்ந்து கிடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தரநிலை எழுதியவர்கள் தொட்டியில் உட்காருகிறவனையும் ஷவருக்கு அடியில் நிற்கிறவனையும் மனதில் வைத்திருக்கிறார்கள். வாளியில் பிடித்துக் கப்பால் கோரி ஊற்றிக்கொள்கிற நமக்கு மண்டலமே கிடையாது. குழந்தையைக் குளிப்பாட்டினால் எதிர்ச் சுவரின் மேல்பாதி வரை நனையும். போதாததற்கு, குழாய் நீண்ட ஹெல்த் ஃபாசெட் வந்துவிட்டது. அது எந்தத் திசையிலும் பீச்சும். ஆகவே ஐந்துக்கு ஏழு குளிமுறியில் முழு அறையும் ஈரம் என்று எடுத்துக்கொண்டு சுவிட்சை வெளியே வைப்பதுதான் என் கணக்கு. பிரிட்டனில் உள்ளேயே விளக்கு போட வேண்டும் என்று கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கவிடுவார்கள், இழுத்தால் எரியும், சுவிட்ச் மேலே தண்ணீர் எட்டாத இடத்தில். அங்கேயும் நம் அளவுக்கு வோல்ட். அமெரிக்காவில் குளியலறைக்குள்ளேயே பிளக் பாயின்ட் வைப்பார்கள் என்று சொல்பவர்கள் மீதியையும் சொல்ல வேண்டும். அங்கே வீட்டுப் பிளக்கில் 120 வோல்ட், 1975 முதல் குளியலறைப் பிளக்குகளுக்குக் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். அதுவும் 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டிப்பது.

வெளியே வைப்பதிலும் தொந்தரவு உண்டு. உள்ளே ஆள் இருக்கும்போது அணைத்துவிட்டு ஓடுகிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு, நானும் அந்த வயதில் அதைச் செய்திருக்கிறேன். அணைக்க மறந்து விளக்கு இரவெல்லாம் எரியும். இதற்கு சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் உள்ள சுவிட்ச் போதும். ஆனால் வெளியே என்று முடிவுசெய்தவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது வேறு இடத்தில். பாத்ரூமுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நாலரை அங்குலச் சுவர். அந்தப் பக்கம் ஷவர். இந்தப் பக்கம் அதே இடத்தில் போர்டு. பாக்ஸ் பதிக்க இரண்டு அங்குலம் கொத்திய பிறகு இரண்டுக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று பாருங்கள். டைல்ஸ் இணைப்பில் ஒரு மயிரளவு வழி கிடைத்தாலும் தண்ணீர் பாக்ஸின் முதுகுக்கு வந்துவிடும். முதலில் போர்டைச் சுற்றிப் பெயின்ட் உப்பும், அப்புறம் திருகாணி துருப்பிடிக்கும். போர்டு வெளியேதான் இருக்கிறது, ஆனால் நனைகிறது. கதவு நிலைக்கு அந்தப் பக்கமாக, ஷவர் இல்லாத சுவருக்கு நகர்த்தினால் தீர்ந்தது. கதவின் தாழ்ப்பாள் பக்கம் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கீல் பக்கம் வைத்தால் கதவைத் திறந்ததும் போர்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கீசர் சுவிட்ச் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி லைன், தனி எர்த், வெளியே ஒரு டபுள் போல் சுவிட்ச். சாதாரண சுவிட்ச் ஒரு வயரை மட்டும் வெட்டும். டபுள் போல் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும். எந்தப் புண்ணியவானாவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கட்டியிருந்தாலும், அணைத்தால் அணைந்துவிடும். எர்த்தில் இன்னொரு மாற்றத்தையும் பலர் கவனிப்பதில்லை. பழைய வீடுகளில் தண்ணீர் வருவது ஜிஐ பைப்பில். இரும்பு மண்ணுக்குள் போவதால் கீசரின் உடம்புக்குத் தற்செயலாக ஓர் எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் பைப். எர்த் வயர் இல்லாமல் கீசர் கசிந்தால் அந்தக் கசிவு குளிக்கிறவரின் தலைக்காகக் காத்திருக்கும். வாளியில் போடும் ஹீட்டர் கம்பி இன்னும் மோசம். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் விரல்.

பிடுங்க வேண்டியது ஏன் என்பதில்தான் படுக்கையறைக் கதையும் தொடங்குகிறது. சுவிட்ச் ஃபேஸில் இருக்க வேண்டும் என்பது வயரிங்கின் அரிச்சுவடி. நியூட்ரலில் இருந்தாலும் பல்பு எரியும், அணையும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறுகிறவருக்குத்தான் தெரியும். டூ-வே சுவிட்சில் இது இன்னும் நூதனமாக நடக்கும். வாசலில் ஒன்று, கட்டிலருகே ஒன்று என்று வைக்க இரண்டு சுவிட்சுக்கும் நடுவே தனியாக இரண்டு வயர் ஓட வேண்டும். வயர் மிச்சம் பிடிக்க விரும்புகிறவர்கள் ஒவ்வொரு போர்டிலும் இருக்கிற ஃபேஸையும் நியூட்ரலையும் அந்தந்த சுவிட்சின் இரு முனையிலும் கொடுத்து, நடு முனையிலிருந்து பல்புக்கு ஒரு வயர் இழுத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தால் பல்பு அணையும், வேறுபட்டால் எரியும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஃபேஸ் வந்து அணைந்திருக்கும் நேரத்தில் ஹோல்டரின் இரண்டு ஊசியிலும் 230 வோல்ட். பல நாடுகளில் கைவிட்ட முறை இது. பழைய வீட்டில் டூ-வே இருந்தால், அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அணைந்திருக்கும் நிலை இரண்டு உண்டு, ஆகவே வாசலில் அணைத்து ஒரு தடவை, வாசலிலேயே மறுபடி எரியவிட்டுக் கட்டிலில் அணைத்து ஒரு தடவை பார்க்க வேண்டும்.

எங்கள் தாத்தா கட்டிலில் டூ-வே கிடையாது, பெட் சுவிட்ச் உண்டு. பேரிக்காய் வடிவத்தில், பழுப்பு நிறத்தில், முறுக்கு வயரின் நுனியில் தலைமாட்டில் தொங்கும். தூக்கத்தில் கையை மேலே நீட்டினால் அகப்பட்டுவிடும். அதன் இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, யாரோ தூக்கக் கையை நினைத்துச் செய்திருக்கிறார்கள். குறை வயரில். தினமும் புரண்டு, இழுபட்டு, கட்டில் சட்டத்தில் உராய்ந்து, ஒரு நாள் துணி உறை பிய்ந்து செம்பு எட்டிப் பார்க்கும். இப்போது சுவரில் பதித்த போர்டு வந்துவிட்டது, வயர் பிய்வதில்லை. ஆனால் கை எட்டுவதில்லை. எல்லா போர்டையும் நாலரை அடியில் ஒரே கோட்டில் வைத்தால் பார்க்க அழகு, கொத்துவதும் சுலபம். படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்து, திரும்பி, கையைத் தூக்க வேண்டும். கட்டிலும் மெத்தையும் சேர்ந்து இரண்டடி உயரம் வந்தால், கட்டிலருகு போர்டு இரண்டரை அடியைச் சுற்றி இருக்க வேண்டும். கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால் போய்விடாமல் பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளி. கட்டில் எங்கே வரும் என்று தெரியாமல் போர்டு வைப்பதும், பிறகு போர்டுக்காகக் கட்டிலைப் போடுவதும்தான் வழக்கமாக நடக்கிறது.

தாழ இறக்கினால் தவழும் பிள்ளைக்கு எட்டுமே என்று அக்கா கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். சுவிட்ச் எட்டினால் விளக்கு எரிந்து எரிந்து அணையும், அவ்வளவே. எட்டக் கூடாதது பிளக்கின் துளை. உள்ளே ஷட்டர் உள்ள பிளக் பாயின்ட்டில் எர்த் ஊசி முதலில் போனால்தான் மற்ற இரண்டும் திறக்கும், ஒற்றைக் கம்பியை நுழைக்க முடியாது. அந்தப் பிளக்கில் இரவெல்லாம் கொசு மருந்து மெஷின் தொங்குவதைப் பற்றி வேண்டுமானால் கவலைப்படலாம். அதை எதிர்ச் சுவருக்கு மாற்றுவது நல்லது.

வயதானவர்களுக்கு ஷாக்கைவிட இருட்டுதான் பெரிய பயம். இரவு இரண்டு மணிக்குக் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நடக்கிற ஏழெட்டு அடியில், சுவிட்ச் தேடிச் சுவரைத் தடவும்போதுதான் விழுகிறார்கள். கட்டிலில் கைக்கு எட்டும் ஒரு சுவிட்ச், வழியில் முழங்கால் உயரத்தில் அரை வாட் விளக்கு ஒன்று. அது இரவு முழுக்க எரிந்தாலும் மாதத்துக்குக் கால் யூனிட்கூட ஆகாது. நம் நாட்டில் சுவிட்சைக் கீழே அழுத்தினால் எரியும். இருட்டில் விரலுக்கு அது தெரிந்திருக்கிறது, ஆகவே ஒரு போர்டில் மட்டும் தலைகீழாக மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டூ-வேயில் மட்டும் இந்த ஒழுங்கு இருக்காது.

மழைக்காலத்தில் போர்டைத் திறக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எறும்புக்கும் பல்லிக்கும் காய்ந்த இடம் வேண்டும், சுவிட்ச் பாக்ஸைவிடக் காய்ந்த இடம் எங்கள் ஊர் வீடுகளில் வேறில்லை. அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம் வராமல் ‘கிஸ்’ என்று இரைந்தால் எறும்பு செத்து ஒட்டியிருக்கலாம், முனை தேய்ந்திருக்கலாம். அந்த ‘டக்’ 1884-இல் பிரிட்டனின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் செய்தது. தொடர்பு சட்டென்று பிரிந்தால் நடுவில் பொறி நின்று எரியாது என்பது அவர் கண்ட தந்திரம். சத்தம் மாறினால் சுவிட்சை மாற்ற வேண்டும். மாற்றும்போது மெயினை அணைத்துவிட்டோம் என்று கையை வைத்துவிடாதீர்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் போனதும் அது விழித்துக்கொண்டு அதே போர்டுக்கு 230 வோல்ட் கொடுக்கும். இரண்டையும் அணைத்து, டெஸ்டரையும் வைத்துப் பார்த்த பிறகுதான் ஸ்குரூ டிரைவர்.

டீ குடித்துவிட்டு வயரிங்காரர் திரும்பி வந்தபோது பாத்ரூம் போர்டு வெளியே, தாழ்ப்பாள் பக்கம், ஷவர் இல்லாத சுவரில் என்று முடிவாகியிருந்தது. கீசருக்கு அதன் பக்கத்திலேயே டபுள் போல். அக்கா மகன் போனிலேயே கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். படுக்கையறைக்குத்தான் பேச்சு பலிக்கவில்லை. கடைசியில் அக்கா சாரம் கட்டிய பலகை ஒன்றை இழுத்துவந்து, சிமென்ட் கல் நாலு அடுக்கி மேலே போட்டு, கட்டில் வரப்போகும் இடத்தில் படுத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வலது கையைச் சுவரில் நீட்டினாள். “இங்கே” என்றாள். வயரிங்காரர் கை இருந்த இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டார். அளந்து பார்த்ததில் இரண்டடி ஏழு அங்குலம்.